கொண்டாடப்படும் நாட்களும், கவனிக்கப்படாத ஜனவரி முதல் தேதியும்

திரைப்படம் வெளியான நாள், பாடகர் பிறந்த நாள், இசைத்தட்டு விற்பனைக்கு வந்த நாள் என்று கேளிக்கை உலகின் நாட்காட்டி ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கிறது. ஆனால் நூலகங்களும் சில ஆர்வலர்களும் தவிர வேறு எவரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு நாளும் அதில் உண்டு. பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகள் பொதுமக்களின் உடைமையாகும் ஜனவரி முதல் தேதியே அந்த நாள்.

கொண்டாடப்படும் நாட்களைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவர்கள் உரிமையாளர்கள். கொண்டாடப்படாத இந்த நாளைத் தீர்மானிப்பதோ சட்டம். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறிதான் பழைய படைப்புகளை யார் பார்க்கலாம், யார் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்கிறது.

இதற்குத் தெளிவான உதாரணம் மிக்கி மவுஸ். 'ஸ்டீம்போட் வில்லி' என்ற குறும்படம் நியூயார்க்கில் திரையிடப்பட்ட 1928 நவம்பர் 18ஆம் தேதியையே டிஸ்னி நிறுவனம் மிக்கியின் பிறந்த நாளாகக் கொண்டாடி வருகிறது. அந்தப் படத்தின் உரிமைக் காலம் முன்னரே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் 1998இல் நிறைவேற்றிய சட்டம், அத்தகைய படைப்புகளுக்கான பாதுகாப்பை 75 ஆண்டுகளிலிருந்து 95 ஆண்டுகளாக உயர்த்தியது. இதனால் 2024 ஜனவரி 1ஆம் தேதிதான் அந்தப் படம் பொதுவுடைமையானது. அதிலும் 1928ஆம் ஆண்டின் மிக்கி உருவம் மட்டுமே விடுபட்டது. பிற்கால உருவங்களும் வணிக முத்திரையும் அப்போது நிறுவனத்தின் வசமே இருந்தன.

சட்டம் உருவாக்கிய ஆண்டு நிறைவுகள்

சில ஆண்டு நிறைவு வெளியீடுகளுக்குச் சட்டமே காரணமாக இருந்திருக்கிறது. இசைப்பதிவுகளுக்கான பாதுகாப்பை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக உயர்த்த ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் முடிவு செய்தது. அத்தகைய நீட்டிப்பு தேவையில்லை என்று பிரிட்டனில் 2006இல் வெளியான கவர்ஸ் ஆய்வறிக்கை பரிந்துரைத்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

புதிய விதியின்படி, 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு இந்த நீட்டிப்பு கிடைக்காது. அதனால் 2012ஆம் ஆண்டின் இறுதியில் பாப் டிலனின் 1962ஆம் ஆண்டுப் பதிவுகள் '50ஆவது ஆண்டுத் தொகுப்பு' என்ற பெயரில் ஐரோப்பாவில் சுமார் 100 பிரதிகள் மட்டும் வெளியிடப்பட்டன. பதிப்புரிமை நீட்டிப்பே அதன் நோக்கம் என்பது அதன் துணைத்தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு பீட்டில்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டுப் பதிவுகள் 59 இணையம் வழியாக விற்பனைக்கு வந்தன. ரசிகர்களுக்கு விருந்தாகத் தோன்றிய வெளியீடுகளுக்குப் பின்னால் உரிமையைக் காப்பாற்றும் கணக்கும் இருந்தது.

தாகூரும் 'கர்ண'னும்

இந்தியாவிலும் இத்தகைய நீட்டிப்பு நடந்தது. ரவீந்திரநாத் தாகூர் மறைந்தது 1941இல். அன்றைய சட்டப்படி அவரது படைப்புகளின் உரிமை 50 ஆண்டுகளுக்குப் பின்னர், 1991ஆம் ஆண்டின் முடிவோடு காலாவதியாக வேண்டும். அதன் உரிமை அவர் நிறுவிய விஸ்வபாரதியிடம் இருந்தது. காலக்கெடு நெருங்கிய நேரத்தில் இந்திய அரசு பாதுகாப்புக் காலத்தை 60 ஆண்டுகளாக உயர்த்தியது. 1992ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தாகூரோடு நிற்கவில்லை. திரைப்படங்களுக்கும் அதே பத்து ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன.

அதன் விளைவு தமிழ்த் திரையையும் தொட்டது. 1964இல் வெளியான 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' போன்ற படங்களுக்கான திரைப்பட உரிமை, பழைய விதி நீடித்திருந்தால் 2015 ஜனவரியில் முடிந்திருக்கும். திருத்தத்தால் அது 2025 ஜனவரி 1ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அவற்றின் பாடல்களுக்குக் கணக்கு வேறு. படைத்தவர் மறைந்த பின்னர் 60 ஆண்டுகள் என்பதால், 1981இல் காலமான கண்ணதாசனின் வரிகளுக்கான பாதுகாப்பு 2041ஆம் ஆண்டின் இறுதிவரை நீடிக்கும்.

நாடு மாறினால் நாளும் மாறுகிறது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுப் படங்களுக்கு 95 ஆண்டுக் கணக்கே பொருந்துவதால், சென்னையில் தடையின்றித் திரையிடத்தக்க படத்தை அங்குள்ள தமிழ்ச் சங்கம் திரையிட 2060 வரை காத்திருக்க நேரும். கனடா 2022 டிசம்பர் இறுதியில் படைப்பாளிகளுக்கான காலத்தை மறைவுக்குப் பின்னர் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக்கியது. இதனால் அங்கு 20 ஆண்டுகளுக்கு இந்த வழியில் புதிய படைப்புகள் பொதுவுடைமையாக மாட்டா.

நீண்ட கால உரிமைக்கு ஆதரவான வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உரிமை இருந்தால்தான் பழைய படத்தைச் சீரமைக்க ஒருவர் பணம் செலவிடுவார் என்பது அந்த வாதம். 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு வெளியான 'கர்ணன்', புதிய தலைமுறையையும் திரையரங்குக்கு அழைத்து வந்தது. ஆயினும் வணிக ரீதியில் லாபம் தரக்கூடிய ஒரு சில படங்களுக்கே இத்தகைய வாய்ப்பு கிடைக்கிறது. எஞ்சியவை உரிமையாளரின் கவனமும் இன்றி, பிறர் தொடவும் இயலாமல் அழிகின்றன.

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியான 1931 அக்டோபர் 31ஆம் தேதி ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. அந்தப் படத்தின் உரிமைக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் பார்ப்பதற்கு அதன் பிரதிதான் எஞ்சவில்லை. புனேயில் 2003 ஜனவரியில் ஏற்பட்ட தீ விபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் படச்சுருள்கள் பெருமளவில் எரிந்துபோயின. எனவே உரிமை விடுபடும் நாள்வரை படம் உயிரோடு இருக்குமா என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

இதற்கு மாற்று வழி இல்லாமலும் இல்லை. பாரதியின் பாடல்களுக்கான ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமைகள் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்த நிலையில், அன்றைய சென்னை மாகாண அரசு 1949இல் தலையிட்டு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. 1955இல் அவை மக்களுக்கே உரியவையாக்கப்பட்டன. காலக்கெடு முடியும் வரை அரசு காத்திருக்கவில்லை.

நட்சத்திரங்களின் நூற்றாண்டுகளுக்கு அரசுகள் விழா எடுக்கின்றன, சிலை திறக்கின்றன. அந்த விழாக்களோடு மூலச்சுருள்களைத் தேடிச் சேகரிக்கும் பணியும் சேராவிட்டால், வரும் ஆண்டுகளின் ஜனவரி முதல் தேதிகளில் சட்டம் கதவைத் திறக்கும்போது உள்ளே எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போகலாம்.