உழைப்பாளியின் முதுமைக்கு யார் காவல்?

மருதானை பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் முப்பது ஆண்டுகள் நின்றுழைத்த ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு விலகும்போது அவரது கையில் எஞ்சுவது என்ன? அரச ஊழியருக்கு மாதாந்த ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் உழைத்தவருக்கோ பெரும்பாலும் 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான ஊழியர் சேமலாப நிதியமே ஒரே ஆதாரமாகும். ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்தருநரின் பங்காக 12 சதவீதமும் மாதந்தோறும் அதில் சேர்கின்றன. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில்தருநர் செலுத்துகின்றார்.

இந்த ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை அண்மைய நெருக்கடி தெளிவாகவே காட்டிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அதாவது, ஓராண்டுக்கு முன்னர் பத்து இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறத்தாழப் பதினேழு இலட்சம் தேவைப்பட்டது. சேமலாப நிதியம் அவ்வாண்டுக்கு வழங்கிய வட்டியோ 9 சதவீதம். கணக்கில் தொகை கூடியது. அதன் பெறுமதி தேய்ந்தது. பணவீக்கம் பின்னர் தணிந்தபோதிலும் ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அடுத்த அடி 2023 இல் விழுந்தது. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய நீண்ட விடுமுறையின் நடுவே, ஜூலை 1 ஆம் திகதி சனிக்கிழமை பாராளுமன்றம் கூடி, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு 122 க்கு 62 என்ற வாக்குகளால் அங்கீகாரம் வழங்கியது. வர்த்தக வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. ஓய்வுகால நிதியங்களோ தமது முறிகளைக் கையளித்து, முதற் சில ஆண்டுகளுக்கு 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளைப் பெறுமாறு கேட்கப்பட்டன. மறுத்தால் அவற்றின் முறி வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயரும் என்றும் கூறப்பட்டது.

வங்கிகள் ஏற்கனவே பெரும் வரிச்சுமையைத் தாங்குகின்றன, அவை சரிந்தால் வைப்பாளரே பாதிக்கப்படுவர் என அரசாங்கம் விளக்கமளித்தது. இவ்வாதத்தில் நியாயமே இல்லையென நாம் கூறவில்லை. ஆயினும், யாருடைய பணம் பணயம் வைக்கப்பட்டதோ அந்த உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. நிதியத்தை முதலீடு செய்தது மத்திய வங்கி. அன்று அரசாங்கத்தின் கடனை முகாமை செய்ததும் அதே மத்திய வங்கி. கடன் வாங்குபவரின் முகவரே கடன் கொடுப்பவரின் காவலராகவும் இருந்தால், இக்கட்டான வேளையில் அவர் யார் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் மனம் வெறுத்து, அதிக இலாபம் தருவதாகக் கூறுவோரிடம் பணத்தை ஒப்படைப்பது எரியும் கொள்ளியிலிருந்து அடுப்புக்குள் பாய்வதற்கு ஒப்பானதாகும். 2008 இல் கோல்டன் கீ வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் தமது வாழ்நாள் சேமிப்பை இழந்து தவித்தனர். அனுமதி பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை 2020 இல் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானமை உணர்த்தியது. தற்போதைய வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குப் பதினொரு இலட்சம் ரூபா வரையே ஈடு தருகின்றது. எனவே ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைப்பது விவேகமாகாது.

வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இன்று வழியுண்டு. 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இலாபப் பங்கீட்டு அடிப்படையிலான வங்கிச் சேவைக்கு இடமளித்தது. 2011 இல் அமானா வங்கி செயற்படத் தொடங்கியது. ஆனால் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரைச் சொல்லி, மாதந்தோறும் மாறாத இலாபம் தருவதாக எவரேனும் வாக்களித்தால் அங்கே ஐயம் எழவேண்டும். உண்மையான வியாபாரத்தில் இலாபமும் கூடிக்குறையும், நட்டமும் வரும் என்பதை மருதானை வர்த்தகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நிதியமே இல்லாதவர்களின் நிலை கவலைக்குரியது. ஒரே ஒரு ஊழியரை வைத்திருக்கும் கடைக்கும் சேமலாப நிதியச் சட்டம் பொருந்தும். இருந்தும் மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வரை, நாட்சம்பளத்துடன் வீடு திரும்பும் எத்தனையோ பேருக்கு உறுப்பினர் இலக்கமே கிடையாது. ‘நம்ம பையன்தானே’ என்று உரிமையோடு பேசும் முதலாளி, அந்தப் பையன் முதியவனாகும் நாளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஊழியரும் தமது கணக்கில் பணம் சேர்கின்றதா என்பதை ஓய்வுபெறும் நாளில் அல்ல, இன்றே விசாரித்தறிய வேண்டும். பணம் செலுத்தப்படாவிடின் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

தனிமனிதர் எவ்வளவு சிக்கனமாகத் திட்டமிட்டாலும், அவரது சேமிப்பின் காவலர் நேர்மையாக நடந்தாலன்றிப் பயனில்லை. சேமலாப நிதியத்தின் முதலீட்டுத் தீர்மானங்களில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு ஆசனம் வழங்கப்படுவதும், உறுப்பினரின் சம்மதமின்றி அவர்களது பணத்தில் கைவைக்க முடியாதவாறு சட்டம் திருத்தப்படுவதும் அவசியமாகும். நாட்டின் கடனை அடைக்க உழைப்பாளி ஒருமுறை தனது முதுமையை ஈடு வைத்துவிட்டார். இன்னொரு முறை அதனை அவரிடம் கேட்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமையில்லை.