ஹெலிகாப்டர் மட்டும் போதாது

மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் தமிழர்களும் உண்டு. வெல்டர், ஃபிட்டர், சமையல்காரர் என்று காண்டிராக்டரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வாஷியிலும் செம்பூரிலும் உள்ள அவர்களது வீடுகளில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. ஆபத்து நேர்ந்தால் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்பதே அந்த வீடுகளின் கவலை.

கொலாபாவில் கடற்படையின் ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. போர்த்துக்கீசியரை எதிர்த்துக் கடலில் போரிட்ட குஞ்சாலி மரைக்காயர்களின் பெயரால் ‘குஞ்சாலி-2’ என்று வழங்கிய அந்தத் தளம், 2009 ஜனவரி 22 முதல் ‘ஷிக்ரா’ எனப்படுகிறது. ஷிக்ரா என்றால் வல்லூறு. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து கம்பி வழியே ஒரு வீரர் இறங்கி, தண்ணீரில் தத்தளிப்பவரைப் பட்டையில் பிணைத்து மேலே அனுப்புகிறார். அவர்களுடைய துணிவு பாராட்டுக்குரியது.

ஆனால் துணிவுக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 மே 17 அன்று ‘டவ்-தே’ புயலில் நங்கூரம் அறுந்து மூழ்கிய பி-305 பார்ஜில் 261 பேர் இருந்தனர். இருட்டிலும் சூறைக்காற்றிலும் ஹெலிகாப்டர் பறக்க இயலவில்லை. கொச்சி, கொல்கத்தா என்னும் போர்க்கப்பல்களே அலைகளுக்கு நடுவே ஆட்களைத் தேடி எடுத்தன. மறுநாள்தான் ஹெலிகாப்டர்கள் சேர்ந்துகொண்டன. 186 பேர் பிழைத்தனர். 75 பேர் மாண்டனர். ‘வரப்பிரதா’ இழுவைப் படகிலிருந்த 13 பேரில் 11 பேர் பலியாயினர்.

2005 ஜூலை 27 அன்று பாம்பே ஹை மேடை தீப்பிடித்தபோதும் மழைக்காலக் கடல்தான் குறுக்கே நின்றது. அங்கிருந்த எட்டு உயிர்காப்புப் படகுகளில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது. 22 பேர் உயிரிழந்தனர்.

இவற்றிலிருந்து தெரிவது ஒன்றே. மீட்பு என்பது கடைசி உதவி. உயிரைக் காக்கும் முடிவு அதற்குப் பல நாள் முன்பே எடுக்கப்பட வேண்டும். 2021-இல் வானிலை இலாகா முன்கூட்டியே எச்சரித்தது. பல கப்பல்கள் பத்திரமான இடம் தேடிப் போயின. பி-305 எண்ணெய் வயலிலேயே நின்றது. உயிர்காப்பு மிதவைகள் பல ஓட்டையாக இருந்தன என்று தப்பியவர்கள் கூறினர்.

புயல் வருகிறதென்றால் பார்ஜைத் திருப்பச் சொல்லும் அதிகாரம், ஒரு நாள் வேலை நின்றால் நஷ்டப்படுகிறவர் கையில் இருக்கலாகாது. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு மிதவையையும் ஊதிப் பார்த்துச் சான்று தர வேண்டும். நிரந்தர ஊழியருக்கு உள்ள பயிற்சி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். கப்பலில் இருப்போர் பட்டியல் கரையிலும் இருக்க வேண்டும்.

தொழிலாளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. எந்தக் காண்டிராக்டர், எந்தக் கப்பல் என்பதை எழுதி வீட்டில் வைத்துவிட்டே புறப்பட வேண்டும். ஏறியவுடன் உயிர்காப்பு அங்கி எங்கே என்று கேட்க வெட்கப்படலாகாது.

வல்லூறு பறந்து வரும் என்று நம்பலாம். அது வர முடியாத இரவும் உண்டு என்பதை மறக்கலாகாது.