ஹ்யூகோ வுட்டுக்குக் கல்லறை இருக்கிறது, மற்றவர்களுக்கு?

போன மாதம் இங்கே ஒரு நண்பர் வீட்டில் பாட்லக். ஊருக்குப் போய்விட்டு வந்தவர், பரம்பிக்குளம் போட்டோக்களை டிவியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். புலி கண்ணில் படவில்லையாம். "ஆனா காடர்களைப் பார்த்தோம். இன்னும் கற்காலத்துலயே இருக்காங்க, பாவம்" என்றார். போட்டோவில் இருந்த காடர் கையில் செல்போன். நான் வாயைத் திறக்கவில்லை, தட்டில் இருந்த தயிர்சாதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு முழுங்கியதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

எனக்கு எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. மாநிலம் கேரளா, பேச்சு தமிழ், நல்லது கெட்டதுக்குத் துணி எடுக்கப் பொள்ளாச்சி. தெற்கே திரும்பினால் ஆனைமலை. பரம்பிக்குளம் எங்கள் மாவட்டம்தான். ஆனால் காரில் போகவேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். (இதைப் பற்றித் தனியாக ஒரு புலம்பல் எழுதலாம்.)

டாப்ஸ்லிப் என்ற பெயரே வெள்ளைக்காரன் விட்டுப்போனது. வெட்டிய தேக்கை மேலிருந்து சறுக்கிவிட்ட இடம். அங்கே ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1933-இல் இறந்தவர். 'என் நினைவுச்சின்னம் வேண்டுமா, சுற்றிலும் பார்' என்ற பொருளில் லத்தீனில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மொட்டையாகிப்போன சரிவுகளில் கைத்தடியால் குழி குத்தி, தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று ஒரு கதை. சின்ன வயதில் அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு கைத்தடி ஒரு மலையை நட்டுவிடுமா? புதர் வெட்டியது யார்? யானையை வைத்துத் தடி இழுத்தது யார்? மலசரும் காடரும் இல்லாமல் அந்தக் காட்டில் எந்த அதிகாரியும் வழி கண்டுபிடித்து வீடு திரும்பியிருக்க முடியாது. தேனும் கிழங்கும் கொடுத்த பலமரக் காடு போய், வரிசை வரிசையாகத் தேக்கு மட்டும் நிற்கிறதே, அந்த வரிசைதான் காலனி ஆட்சி அவர்கள் சோற்றில் கைவைத்த தடயம். தோண்டக்கூட வேண்டாம். சுற்றிலும் பார்த்தால் போதும்!

நம் கணக்கில் வுட்டின் கல்லறை 'வரலாறு', காடர் 'மானுடவியல்'. சென்னை மியூசிய அதிகாரி எட்கர் தர்ஸ்டன் காடர்களின் மூக்கை அளந்து எழுதினார். அவருடைய ஏழு தொகுதிகள் வந்தது 1909-இல். கொச்சி சமஸ்தானத்துக்காக இதே வேலையைச் செய்தவர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், நம்ம பாலக்காட்டுக்காரர். அவருடைய முதல் தொகுதியும் அதே 1909-தான். உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் படித்தால், இந்த மக்கள் காலத்துக்கு வெளியே நிற்பதுபோல ஒரு தோற்றம். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1907-இல், பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குக் கொச்சி சமஸ்தானத்தின் டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி இறங்குகிற வேகத்தில் எதிர்ப்பக்கம் காலி வண்டியை மேலே இழுக்கும். பின்னாளில் நிறுத்திவிட்டார்கள். இந்த இஞ்சினியரிங்கைக் கொண்டாட ஆள் இருக்கிறது. அந்தப் பாதையோரம் கூலிக்காரர் குடிசை எங்கே இருந்தது, காடர்கள் எந்தக் கடையில் உப்பும் அரிசியும் வாங்கினார்கள், தூக்கிப்போட்ட இரும்பை என்ன செய்தார்கள்? எந்தக் கைடும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கைடு சொல்வது கன்னிமாரா தேக்கின் கதை. வெட்டப்போனபோது ரத்தம் பீறிட்டதாம், அதனால் விட்டுவிட்டார்களாம். 'மூடநம்பிக்கை பாருங்க' என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடாலி வந்த நாளைப் பற்றி மலைக்காரர்கள் வைத்திருக்கிற சாட்சியம் அது.

இதெல்லாம் தோண்டுகிற விஷயமா என்று கேட்பவர்களுக்கு: நான் இருக்கிற கலிபோர்னியாவில் ஃபோர்ட் ராஸ் என்று ஒரு கோட்டை. 1812 முதல் 1841 வரை ரஷ்யக் கம்பெனியின் வியாபாரக் குடியிருப்பு. கோட்டைக்கு வெளியே, அலாஸ்காவிலிருந்து வேட்டைக்குக் கூட்டிவந்த ஆண்களும் உள்ளூர் கஷாயா பெண்களும் குடித்தனம் நடத்திய இடத்தின் குப்பையை, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கென்ட் லைட்ஃபுட் குழு கஷாயா மக்களோடு சேர்ந்து ஆராய்ந்தது. ஊரின் அமைப்பு ஆண்களின் வழக்கப்படி, சமையல் பெண்களின் வழக்கப்படி. உடைந்த கண்ணாடியையும் செதுக்கிக் கருவியாக்கியிருக்கிறார்கள். துரைமார் எழுதிவைக்காத வாழ்க்கையைக் குப்பை சொல்லிவிட்டது.

நம் ஊரில் இது வெறும் படிப்பாளி விவகாரமும் இல்லை. 2006-இன் வன உரிமைச் சட்டத்துக்கு 2008-இல் விதிகள் வந்தன. உரிமை கேட்பவர்கள் காட்டக்கூடிய சான்றுகளில் பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் உண்டு. 2014-இல் வாழச்சால் பக்கம் ஒன்பது காடர் ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது இந்தச் சட்டத்தில்தான். அப்படியென்றால் தேக்குத்தோட்டத்துக்கு அடியிலும் அணைத் தண்ணீருக்கு அடியிலும் போன ஒவ்வொரு இடுகாடும் ஒரு தொலைந்த பத்திரம். கீழடி என்றால் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது, எனக்கும்தான். நூறு வருடத்துக்கு முந்திய காடர் கிணறு என்றால் மட்டும் ஏன் கொட்டாவி வருகிறது?

அணை என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூருக்கு வருடம் 7.25 டிஎம்சி வரவேண்டும். அதற்காக ரோட்டில் உட்கார்ந்த ஊர் எங்களுடையது. தமிழ்நாடு தரவில்லை, கேரளா கேட்கவில்லை என்று இரண்டு பக்கமும் திட்டுவோம். அந்தத் தண்ணீர் யாருடைய காட்டில் தேங்கி நிற்கிறது என்று ஒரு நாளும் பேசியதில்லை.

மலையை விடுங்கள். எங்கள் சமவெளியிலேயே எரவாளர்கள் இருக்கிறார்கள். ஐயர் புத்தகத்தில் அவர்களும் உண்டு. எங்கள் தோட்டத்தில் தலைமுறையாக வேலை செய்தார்கள். அவர்கள் பேச்சும் தமிழை ஒட்டியதுதான். கேரளா நம்மைக் கண்டுகொள்வதில்லை என்று மூக்கைச் சிந்துகிற நாங்கள் அவர்களைக் கண்டுகொண்டது கூலி கொடுக்கும்போது மட்டும்.

அந்தப் பாட்லக் முடிந்த வாரம் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கப்பா, நம்ம தோட்டத்து எரவாளருங்க செத்தா எங்கீங்க பொதைப்பாங்க?"

"எதுக்குடா அதெல்லாம் இப்ப? கெழக்கால பள்ளத்தோரம். இப்ப அங்க தென்னை நிக்குது."

"யாருங்க வெச்சது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"உங்க தாத்தந்தான்" என்றார்.