குடலின் வாசல் அறிந்த காவலர்கள்

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்கள் நமது குருதியோடு உச்சி முதல் உள்ளங்கால் வரை சுற்றுகின்றன. குடலுக்குச் சேர வேண்டிய கலம், 'இதுதான் குடல், இங்கே இறங்கு' என்று எப்படி அறிகிறது? யோசித்திருக்கிறீர்களா?

இவற்றுள் ஒரு வகையான நிணநீர்க் கலங்கள் குருதியிலிருந்து நிணநீருக்கும், மீண்டும் குருதிக்கும் சுற்றி வருவதை 1959இல் ஒக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளில் காட்டினார். ஆனால் எந்த வாசலில் இறங்குவது என்ற கேள்விக்கு விடை பிறகே கிடைத்தது.

சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் என்ற சிறு மேடுகள் உண்டு. அங்கேதான் இளம் கலங்கள் கிருமிகளை அடையாளம் காணக் கற்கின்றன. கற்பிக்கும் கலங்கள் விற்றமின் ஏயை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றிக் கொடுக்க, மாணவக் கலத்தின் மேற்பரப்பில் 'அல்பா4 பீற்றா7' என்ற கொளுக்கி முளைக்கிறது. (இதை 2004இல் கண்டறிந்தவர் ஜப்பானின் மகோட்டோ இவாட்டாவும் குழுவினரும். விற்றமின் ஏ இல்லாத எலிகளின் குடலில் இக்காவலர்கள் அரிதாகவே இருந்தனர்.) குடலின் குருதிக்குழாய்களின் உட்சுவரில் 'மட்காம்-1' என்ற வளையம் இருக்கிறது. உருண்டு வரும் கலம் வேகம் குறைந்து, கொளுக்கி வளையத்தில் மாட்டி, சுவரினூடே நுழைந்து விடுகிறது. பெயர்கள்தாம் வாயில் நுழையாதவை, விஷயம் எளிது.

பெருங்குடல் புண் நோயிலும் குரோன் நோயிலும் இக்காவலர்களே அளவுக்கு மீறிக் குவிந்து குடலைப் புண்ணாக்குகின்றனர். அப்படியானால் கொளுக்கியை மூடிவிட்டால் என்ன? நட்டாலிசுமாப் என்ற மருந்து அல்பா4 என்ற பாதியை மூடியது. நரம்பு நோயொன்றுக்காக 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, 2005 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. மருந்தேற்றிய சிலரின் மூளையை ஜேசி வைரஸ் தாக்கியதே காரணம், மரணங்களும் நேர்ந்தன. மூளைக்குச் செல்லும் காவலரின் கொளுக்கியிலும் அதே அல்பா4 இருந்ததுதான் வினை. 2006இல் கடும் நிபந்தனைகளோடு அது திரும்பி வந்தது.

2014இல் அனுமதி பெற்ற வெடோலிசுமாப் இரு பாதிகளும் சேர்ந்த குடல் கொளுக்கியை மட்டுமே பிடிக்கிறது. மூளையின் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் ஊசி ஏற்றிய மறுநாளே சுகம் தேடி, கிடைக்காததால் வைத்தியரை விட்டு ஓடிவிடாதீர்கள். புதிதாக வரும் கலங்களைத்தான் இம்மருந்து தடுக்கிறது. ஏற்கெனவே குடலுக்குள் புகுந்தவை அடங்கச் சிலருக்குப் பல வாரங்கள் செல்லும்.