டயர் மாற்றியும் உதறல் நிற்கவில்லையா? பழைய ஜீப்பில் எங்கே தேடுவது?

கேள்வி: ''எங்களிடம் 1990-களில் வந்த நான்கு சக்கர டிரைவ் ஜீப் இருக்கிறது. முட்டைகோஸ், தக்காளி ஏற்றுவதற்கும், குடும்பத்தோடு வெளியூர் போவதற்கும் அதுதான் வண்டி. மலைச்சாலையில் தொல்லை இல்லை. சத்தியமங்கலம் தாண்டி, சமதளத்தில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதற ஆரம்பிக்கிறது. 4 டயர்களையும் புதிதாக மாற்றியாயிற்று. வீல் பேலன்சிங் 2 முறை செய்தாயிற்று. பலன் இல்லை. போன வருடம் பின்பக்க சாஃப்டில் கிராஸ் மாற்றினோம். சுமைக்காகப் பின்பக்கம் ஒரு பட்டை கூட்டினோம். வண்டியை விற்றுவிடலாமா?''

- வாசகர், தாளவாடி, ஈரோடு மாவட்டம்.

பதில்: உதறலோடு விற்கப் போனால், அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அதற்கு முன், உதறல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது நல்லது. இந்த வகைக் கோளாறில் செலவு எகிறுவதற்குக் காரணம், சோதித்துப் பார்க்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவதுதான். முதல் சோதனைகளுக்குப் பணமே தேவையில்லை. காலியான, நேரான சாலையும், கூட ஓர் ஆளும் இருந்தால் போதும். வண்டியில் சுமை இருக்கக் கூடாது.

இன்ஜினா, உருளும் பாகங்களா?

உதறல் வரும் வேகத்தில், கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக ஓடவிடவும். இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக் கடினமாகிவிடும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. நியூட்ரலில் உதறல் நின்றுவிட்டால் இன்ஜின், கிளட்ச், அவற்றைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் இழுக்கும்போது மட்டும் அதிரும் தேய்ந்த கிராஸும் இந்தச் சோதனையில் அடங்கிப்போகலாம். அதே அளவு உதறல் தொடர்ந்தால், கோளாறு சக்கரம், சாஃப்ட், ஆக்சில் பக்கம்தான்.

அடுத்து, உதறலின் தன்மையைக் கவனிக்கவும். இந்த ரக ஜீப்பின் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். சாஃப்ட், ஆக்சிலின் பல் கணக்கைப் பொறுத்து, அதைப்போல 4, 5 மடங்கு வேகமாகச் சுற்றும். அதனால் சக்கரக் கோளாறு 'தட தட'வென்று ஆட்டமாகத் தெரியும். சாஃப்ட் கோளாறு 'விர்ர்' என்று தரைத்தகட்டிலும் சீட்டிலும் ஏறும். ஸ்டியரிங் மட்டும் ஆடினால் பெரும்பாலும் முன்பக்கம். சீட் அதிர்ந்தால் பெரும்பாலும் பின்பக்கம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரம் அல்லது டிஸ்க் கோணியிருக்கலாம்.

புது டயர் என்றாலும் பார்க்க வேண்டும்

பேலன்சிங் செய்தால் எடை வித்தியாசம் மட்டுமே சரியாகும். வளைந்த ரிம், வட்டம் தப்பிய டயர் இரண்டும் பேலன்சிங்கில் நேராகாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் ஒரு சக்கரத்தைத் தூக்கவும். டயரை ஒட்டி ஒரு குச்சியை ஊன்றி வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றவும். குச்சிக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோணல் இருக்கிறது என்று அர்த்தம். ரிம் விளிம்பிலும் இதேபோல் பார்க்கவும். ஜாக்கியில் நிற்கும் வண்டியைக் கியர் போட்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது.

தோட்டத்து வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. சேற்றில் இறங்கி ஏறிய பிறகு, ரிம்மின் உள்பக்கம் மண் காய்ந்து கட்டியாக ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய மண்ணே நெடுஞ்சாலை வேகத்தில் உதறலைக் கொண்டுவந்துவிடும். சாஃப்டின் மேல் ஒட்டும் மண்ணும் அப்படித்தான். பட்டறைக்குப் போகும் முன் அடிப்பகுதியை நன்றாகக் கழுவிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? வீல் பேரிங் அல்லது முன்பக்க கிங்பின் தேய்ந்திருக்கும். இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் ராடு முனைகளையும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு வெட்டுகிறது என்றால், அது வேறு நோய். அதற்கு டயரை மட்டும் பார்த்தால் போதாது. இந்த முன்பக்க இணைப்புகளை உடனே சரிசெய்ய வேண்டும்.

இரண்டு சாஃப்டில் எது?

நான்கு சக்கர டிரைவ் வண்டியில் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என 2 சாஃப்ட் உண்டு. முன் சக்கர நடுவில் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால், வேலை எளிது. ஹப்பை 'ஃப்ரீ'யில் வைத்து, சாதாரண 2 சக்கர டிரைவில் ஓட்டினால் முன் சாஃப்ட் சுற்றாது. ஹப்பை 'லாக்'கில் வைத்து அதே 2 சக்கர டிரைவில் ஓட்டினால், முன் சக்கரங்கள் அந்த சாஃப்டைச் சுற்றிவிடும். 'லாக்'கில் மட்டும் உதறினால் கோளாறு முன்பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி உதறினால் முன் சாஃப்டை விட்டுவிடலாம்.

அப்படி ஹப் இல்லாத வண்டிகளில் முன் சாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது மட்டும் 4 சக்கர டிரைவ் போடும் ரகமாக இருந்தால், மெக்கானிக்கை வைத்து முன் சாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பின் சாஃப்டை வீட்டில் கழற்ற வேண்டாம். சில பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக், சக்கரத்தில் இல்லாமல், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் அந்த சாஃப்டின் மேல்தான் இருக்கும். சாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி உருண்டுவிடும்.

சோதனை என்றாலும், காய்ந்த தார்ச்சாலையில் 4 சக்கர டிரைவைப் போட்டு ஓட்டக் கூடாது. முன், பின் ஆக்சில்கள் ஒன்றை ஒன்று முறுக்கும். கிராஸ், பற்சக்கரம் எல்லாம் அடிவாங்கும்.

கடிதத்தில் இருக்கும் இரண்டு தடயங்கள்

டயர், பேலன்சிங் எல்லாம் முடிந்தும் நிற்காத உதறலுக்கு, 'கடைசியாக என்ன வேலை பார்த்தோம்?' என்ற கேள்விதான் பல நேரம் வழிகாட்டும். இந்த வாசகரின் வண்டியில் 2 வேலைகள் நடந்திருக்கின்றன.

முதலாவது, கிராஸ் மாற்றியது. கிராஸ் ஒரு கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றுக்குள் 2 முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் உள்ள கிராஸ் அதற்கு எதிராகக் கூடிக் குறைந்து சரிக்கட்டும். இதற்கு, சாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேராக இருக்க வேண்டும். கிராஸ் மாற்றும்போது நடுவில் உள்ள ஸ்லிப் ஜாயின்டை உருவி, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் நேர் தப்பிவிடும். பாகம் எல்லாம் புதிதாக இருக்கும். உதறல் மட்டும் போகாது. வண்டிக்கு அடியில் பார்த்தாலே இது தெரியும். சில சாஃப்ட்களில் நேர் பார்க்க அம்புக்குறி இருக்கும். இனிமேல் கழற்றும் முன், பெயின்டால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொள்வது அவசியம்.

அதோடு, இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்க்கவும். கிராஸில் 'டக்' என்று ஆட்டம் இருந்தாலோ, மூடியைச் சுற்றிச் செம்பழுப்புத் துரு தூள் தெரிந்தாலோ, அது போய்விட்டது என்று பொருள். குழாயில் நசுங்கல் இருக்கிறதா, ஒட்டியிருந்த பேலன்ஸ் எடை விழுந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

இரண்டாவது, பட்டை கூட்டியது. பின்பக்கம் உயர்ந்தால் சாஃப்டின் சாய்வு அதிகமாகும். கிராஸ் அதிகக் கோணத்தில் சுழலும். இதைச் சோதிக்க, அளவான சுமையை ஏற்றி அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும். பின்பக்கம் தாழ்ந்ததும் உதறல் குறைந்தால், சந்தேகம் கோணத்தின் மேல்தான். கூட்டிய பட்டையை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். பட்டை வேண்டும் என்றால், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரிசெய்வார்கள். யு போல்ட்கள் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்து முறுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், சாஃப்டைக் கழற்றி, பெரிய ஊர்களில் உள்ள சாஃப்ட் பேலன்சிங் பட்டறையில் கொடுக்கலாம். ஆக்சிலின் பினியன் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எந்த வேலையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, நோட்டில் தேதியோடு குறித்து வைக்கவும். 2 வேலைகளைச் சேர்த்துச் செய்தால், எது குணமாக்கியது என்றே தெரியாமல் போய்விடும்.

எப்போது ஓட்டக் கூடாது?

உதறல் நாளுக்கு நாள் கூடினாலோ, கியர் மாற்றும்போது அடியில் 'டங்' என்று சத்தம் கேட்டாலோ, கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ, அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். ஓட்டத்தில் கிராஸ் உடைந்து, சாஃப்டின் முன்முனை தரையில் குத்தினால், வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். பக்கத்தில் போகும் பிரேக் குழாயையும் அறுத்துவிடலாம். அதுவரை காயைச் சந்தைக்கு அனுப்ப வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஜீப்பை மலையில் இறக்கக் கூடாது.