மரக்காலுக்கு ஒரு கட்டம்

கணிப்பொறியில் கணக்கெழுதும் விரிதாள் இன்று உரக்கடை முதல் ஊராட்சி அலுவலகம் வரை புகுந்துவிட்டது. அவற்றுள் பெருவழக்கினதாகிய எக்செல்லில், ஓர் அளவையை இன்னோர் அளவையாக மாற்றித் தரும் 'கன்வர்ட்டு' என்னும் வாய்ப்பாடு ஒன்றுண்டு. ஏக்கரும் எக்டேரும் அதற்குத் தெரியும். அமெரிக்கர் கூலம் அளக்கும் புசெல் தெரியும். ஒளியாண்டின் சதுரமும் தெரியும். அதை எந்த உழவன் உழுவானோ, நாமறியோம்! செருமானியர் முன்னாளில் ஒரு காலைப்பொழுதில் உழத்தக்க பரப்பென்று கொண்ட 'மோர்கன்' கூட அப்பட்டியலில் உண்டு. மரக்கால் இல்லை, கோட்டை இல்லை, மாவும் வேலியும் இல்லை.

வழக்கொழிந்த அளவைகளுக்கு ஏன் இத்துணைப் பரிவு என்பார் உளர். மோர்கனும் வழக்கொழிந்ததே. அதற்கு இடந்தந்தவர்கள் நம் மரக்காலைக் கேட்டறியாமைக்கு நாம் அதைச் சொல்லாமையன்றி வேறு என்ன காரணம்? இந்திய அரசு எடையளவைச் சட்டம் இயற்றிய 1956-ஆம் ஆண்டிலேதான் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. அளவைகள் மாறின, ஆவணங்கள் மாறவில்லை. நாஞ்சில் நாட்டுப் பழம் பங்கீட்டு ஆவணத்தை இன்று பிரித்தால், "இத்தனை மரக்கால் விதைப்பாடு" என்றிருக்கும். அதைச் செண்டாக மாற்றத் தெரியாத பேரனிடம், தெரிந்தவன் சொல்வதே கணக்காகிவிடும்.

புதிய பட்டாவும் எளிதன்று. அதில் பரப்பு, எக்டேர் என்றும் 'ஏர்' என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டப்படுகின்றது. கலப்பையைக் குறிக்கும் நம் சொல்லன்று இது. நூறு சதுர மீட்டரைக் குறிக்கும் பிறமொழிச் சொல், நம் ஏரின் உருவில் வந்து நிற்கின்றது. 0 - 12.50 என்று கண்ட எளியவர் அதைப் பன்னிரண்டரைச் செண்டு என்று எண்ணுகின்றார். உண்மையில் அது 30.89 செண்டு. பதினெட்டுச் செண்டுக்கு மேல் கைநழுவ ஒரு சொல்மயக்கம் போதும்.

ஆகவே அளவைமாற்றியை நாமே அமைத்துக்கொள்வோம். அரைநாள் வேலைதான். ஒரு தாளில் நான்கு நெடுவரிகள்: அளவையின் பெயர், வகை, ஊர், மாற்றெண். நிலவகைக்குச் சதுர மீட்டரை அடியளவாகக் கொண்டால், ஏர் 100, எக்டேர் 10000, செண்டு 40.4686, ஏக்கர் 4046.86. கொடுத்த எண்ணை முதல் அளவையின் மாற்றெண்ணால் பெருக்கி, வேண்டும் அளவையின் மாற்றெண்ணால் வகுப்பதே வாய்ப்பாடு முழுவதும். இடையில் எண்ணைச் சுருக்கற்க. ஓர் எக்டேருக்கு 247.105 செண்டு என்பதை 247 என்று எழுதினால் ஏறத்தாழ 46 சதுர அடி மறைந்துபோகும். முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் பெயரிட்டு ஆண்ட இனம் நாம்.

வகை என்னும் நெடுவரியை வீணென்று விட்டுவிடக் கூடாது. மரக்கால் நெல்லையும் அளக்கும். அந் நெல்லை விதைக்கும் நிலத்தையும் அளக்கும். நெல்லளவில் 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. சோழநாட்டுக் கலமோ 12 மரக்கால். பெயர் ஒன்றாயினும் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. தலைவழித்து அளப்பதும் குவித்து அளப்பதும் வேறு. விதைப்பாடோ மண்ணின் வளத்தையும் விதைக்கும் முறையையும் பொறுத்தது. எனவேதான் ஊர் என்னும் நெடுவரி வேண்டும் என்கின்றோம். தமிழகம் முழுமைக்கும் ஒரே மாற்றெண் என்று எவரேனும் அச்சிட்டுத் தந்தால் அதை நம்பற்க.

பின் அவ்வெண்ணை எங்குப் பெறுவது? வீட்டிலுள்ள பழைய மரக்காலை நீரால் நிரப்பி, அந்நீரை இலிட்டர்க் குவளையால் அளந்தால் கொள்ளளவு கிடைக்கும். நிலத்துக்கு, ஒரே வயலின் பழைய ஆவணத்தையும் நில அளவைக்குப் பின் வந்த ஆவணத்தையும் அருகருகே வைத்து, செண்டை மரக்காலால் வகுத்தால் அவ்வூரின் எண் கிடைக்கும். ஒரே ஊரின் நாலைந்து வயல்களுக்கு இவ்வாறு பார்த்து, எண்கள் ஒத்துவந்த பின்பே தாளில் ஏற்றுக. ஒத்துவரவில்லையாயின் அக்கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

எழுத்துக்கும் தடையில்லை. 2019-இல் வெளிவந்த ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழ்ப் பின்னங்களும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் இடம்பெற்றுவிட்டன. அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பெயரையே தமிழில் எழுதலாம்.

இவ்வேலை அரைநாளினது, ஆனால் மரக்கால் காத்திராது. பழைய பித்தளைக்கு விலை கேட்டு வருபவன் தெருவில் நிற்கின்றான். அவனிடம் கொடுக்குமுன் ஒருமுறை நீர் ஊற்றி அளந்து, ஊர்ப்பெயரோடு எழுதிவையுங்கள்.