மலைமேல் ஒரு மாளிகை

பாப்பிரெட்டிப்பட்டியில் நின்று தென்மேற்கே நோக்கினால், சேர்வராயன் மலை நீலத் திரை விரித்தாற்போல் தோன்றும். அம்மலைமேல் இருப்பது ஏற்காடு. அங்கே வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய வீடுகளுள் மிகப் பழமையானது 'கிரேஞ்ச்' மாளிகை. அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு நம் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லியிருந்தோம்.

எல்லோரும் ஒரே விருத்தாந்தத்தையே எழுதி வந்தார்கள். 1792-ல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கம்பெனியார் வசமாயின. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை மலைமேல் காப்பிச் செடியைக் கொணர்ந்து பயிரிட்டார், வீடும் கட்டினார். 1857-ல் வடக்கே சுதந்திரப் போர் மூண்டபோது, அவ்வீடு ஐரோப்பியருக்குப் புகலிடமாகக் கோட்டைபோல் அரண் செய்யப்பட்டது.

நல்லது. ஆனால் இத்தகைய வீட்டில் துரைமாரின் சொந்தச் சரக்கு எவ்வளவு என்று சற்றே கணக்கிட்டுப் பார்ப்போமா? 'பங்களா' என்ற பெயரே வங்காளத்துக் குடிசையிடம் கடன் வாங்கியது. வெயிலையும் சாரலையும் தடுக்கும் நீண்ட தாழ்வாரம் நம் முன்னோர் நெடுங்காலமாக அறிந்தது. கல்லும் மரமும் இந்நாட்டவை. அவற்றைச் சுமந்த தோள்களும் இந்நாட்டவையே. குளிர்காயும் கணப்பையும் புகைபோக்கியையும் வேண்டுமானால் சீமைச் சரக்கென்று ஒப்புக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு, அதுதான் அச்சம். எங்கோ வடக்கே துப்பாக்கி வெடித்தால், இங்கே வீட்டுக்கு அரண் தேவைப்பட்டதல்லவா?

துரை வருமுன் அம்மலை ஆளில்லாக் காடாகவும் இருக்கவில்லை. மலையாளிகள் எனப்படும் மலைவாசிகள் அங்கே சாமையும் கேழ்வரகும் விளைத்து, சேர்வராயனை வணங்கி வாழ்ந்து வந்தனர். இவர்கள் கேரளத்தார் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களது மரபுக் கதை. தோட்டங்கள் பெருகப் பெருக, இவர்களுடைய நிலம் சுருங்கியது.

ஒரு சிறுமியின் கட்டுரையில் மட்டும் துரையின் பெயரே இல்லை. அவள் எழுதியிருந்தது இதுதான்: "என் பாட்டி அந்த மலையில் காப்பிப் பழம் பறித்தாள். கூடையை நிறுத்த பிறகுதான் கூலி. களத்தில் கொட்டைகளைக் காயவைத்து, மழை வந்தால் ஓடி அள்ளுவாள். பங்களாவின் படியில் மட்டும் அவள் ஏறியதே இல்லை."

ஆண்டு இல்லை, பெயர் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கச் சிவப்புப் பென்சிலை எடுத்தோம். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் திருத்தி வந்திருக்கிறோம். அன்று ஏனோ கை ஓடவில்லை. கட்டுவித்தவர் பெயரைக் கேட்டோமேயன்றிக் கட்டியவர் யார், உழைத்தவர் யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லையே! பிழை வினாவில் இருந்தது, விடையில் இல்லை. அவளுக்கு முழு மதிப்பெண் இட்டோம்.

பழைய மாளிகைகளை இடித்துவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. நம்மவர் கைவண்ணத்தை நாமே ஏன் இடிக்க வேண்டும்? அவை நிற்கட்டும். ஆனால் அவற்றின் கதையைச் சொல்லும்போது, படியேறாத அந்தப் பாட்டியையும் சேர்த்துச் சொல்லுவோம். நேயர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய பாட்டி ஒருத்தி இருக்கக்கூடும். இன்றிரவே அருகில் அமர்ந்து கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல் காத்திருக்கும், பாட்டி காத்திருப்பாளா?